பாசியின் பச்சை நிறம் புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

ஜப்பானின் வடகிழக்குக் கடலோரத்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. வசந்த காலத்து அபலோன் சிப்பியின் குடலைத் தின்ற பூனைக்குக் காது அறுந்து விழும் என்பார்கள். வெறும் கட்டுக்கதை அல்ல. அபலோன், கடற்பாசியைத் தின்று வாழ்வது. பாசியின் பச்சையம் அதன் வயிற்றில் சிதைந்து, ஃபியோஃபோர்பைடு என்ற வகைப் பொருளாகத் தங்கிவிடுகிறது. அதைத் தின்ற பூனை வெயிலில் படுத்தால், ரோமம் குறைந்த காது மடல் புண்ணாகிவிடும்.

இந்தக் கொடிய குணத்தையே ஆய்வாளர்கள் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பப் பார்க்கிறார்கள். இருட்டில் இப்பொருள் ஏறக்குறைய சாது. சிவப்பு ஒளி பட்டதும் அந்தச் சக்தியை அருகிலுள்ள பிராணவாயுவுக்குக் கொடுக்கிறது. வீரியம் ஏறிய பிராணவாயு, பக்கத்திலுள்ள உயிரணுக்களைச் சிதைக்கிறது. மருந்தை ஊசிவழி செலுத்திவிட்டு, கட்டியின்மீது மட்டும் லேசர் பாய்ச்சினால் அழிவும் பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிடும்.

இம்முறை புதிதல்ல. இரத்த நிறமியிலிருந்து உருவான ஃபோட்டோஃப்ரின் 1993இல் கனடாவில் அனுமதி பெற்றது. பச்சையத்திலிருந்து பெறப்படும் தலபோர்ஃபினை, ஆரம்பக்கட்ட நுரையீரல் புற்றுநோய்க்காக ஜப்பான் 2003இல் ஏற்றது. பச்சைய வகை மருந்துகளை இயக்கும் சிவப்பு ஒளி, சதைக்குள் இன்னும் சற்று ஆழமாகச் செல்லும் என்பது கூடுதல் வசதி.

கடல் நுண்பாசியின்மீது கண் விழுந்ததும் இதனால்தான். விளைநிலம் வேண்டாம், தொட்டியில் வளரும், வேகமாகப் பெருகும். மலாயாப் பல்கலைக்கழகமும் நுண்பாசி வகைகளைத் திரட்டி, வளர்த்துப் பாதுகாத்து வருகிறது. ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் புற்றணு மடிவது வேறு, நோயாளி பிழைப்பது வேறு. ஒளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பயன்தரும் அளவில் ஊடுருவாது. உடலெங்கும் பரவிய நோய்க்கு இது வழியல்ல. ஃபோட்டோஃப்ரின் பெற்றவர், குறைந்தது ஒரு மாதம் வெயிலில் தலைகாட்டக் கூடாது. நம் ஊர் வெயிலில் அது சிறிய தண்டனையா?

"அப்படியானால் பாசி மாத்திரையே போதுமே" என்போர் இன்னொரு செய்தியையும் அறிய வேண்டும். 1977இல் ஜப்பானில் குளோரெல்லா மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு, வெயில் பட்ட தோல் சிவந்து வீங்கியது. காரணம் அதே ஃபியோஃபோர்பைடுதான். 1981இல் அரசாங்கம் அதற்கு அளவு வரம்பு விதித்தது. மாத்திரையை விழுங்குபவருக்கு அளவு பார்ப்பவரும் இல்லை, கட்டியைக் குறிவைத்து ஒளி பாய்ச்சுபவரும் இல்லை. ஒளிச் சிகிச்சைக்குப் போகிறவர் இத்தகைய மாத்திரை எடுப்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.