நாளங்களின் அழற்சியும் அணு மருத்துவமும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களில் ஒருத்தி, கையை உயர்த்தினால் தோள் சோர்ந்து வலிக்கிறதென்றோ, விடாமல் லேசான சுரம் காய்ந்து சரீரம் மெலிகிறதென்றோ சொன்னால், அதை வேலைக் களைப்பென்று விட்டுவிடுவதே நம் வழக்கம். பெரும்பாலும் அது களைப்பாகவே இருக்கலாம். ஆயினும், நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களையே அதிகமாகப் பற்றுவதும், 1908-இல் மிகிட்டோ தகயாசு என்ற ஜப்பானியக் கண் வைத்தியர் விவரித்ததுமான தகயாசு நோயும் இப்படித் தொடங்குவதுண்டு. மகாதமனியும் அதன் கிளைகளும் அழற்சியுற்றுத் தடித்துக் குறுகுவதால், நாளடைவில் மணிக்கட்டில் நாடியே அகப்படாமற் போகலாம்.

சாதாரண ஆஞ்சியோகிராம் குழாயின் உள்வழி குறுகியிருப்பதையே காட்டும். சுவரில் அழற்சி மூண்டிருப்பதைக் காட்ட வல்லது அணு மருத்துவத்தின் பெட்-சிடி ஸ்கேன். அழற்சியில் ஈடுபட்ட உயிரணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக உட்கொள்ளும் இயல்புடையவையாதலால், ஃப்ளோரின்-18 சேர்த்த குளுக்கோஸ் போன்ற மருந்தை ஊசிவழிச் செலுத்தி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துப் படமெடுத்தால், நோயுற்ற பகுதி தனித்துப் பிரகாசிக்கும். அம்மருந்தின் கதிரியக்கம் 110 நிமிஷத்தில் பாதியாகிவிடுவதால், சைக்ளோட்ரான் யந்திரத்தில் அன்றன்றே தயாரிக்க வேண்டும்; இந்தியாவில் மருத்துவத்துக்கான முதல் சைக்ளோட்ரான் 2002-இல் மும்பையில் இயங்கத் தொடங்கியது.

இதே ஸ்கேனால் இருதயத்தைப் பரிசோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆரோக்கியமான இருதயத் தசையும் குளுக்கோஸை உட்கொள்வதால், முதல் நாள் சோறு, ராகிக் களி, மாம்பழம், இனிப்பு அனைத்தையும் விலக்கி, முட்டை, மாமிசம், பனீர் போன்றவற்றை உண்டு, பிறகு இரவு முழுதும் உபவாசமிருக்கச் சொல்வார்கள். அப்போது தசை கொழுப்பை நாடுமாதலால், உறுப்புகளில் அழற்சி முடிச்சுகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் போன்ற வியாதியால் அழற்சியுற்ற இடம் மட்டும் ஒளிரும். நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவிப்பது அவசியம்.

படம் அழற்சியின் இடத்தைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது. நம் நாட்டில் மிகுதியாகவுள்ள காசநோயும் சார்காய்டோசிஸும் அதில் ஒன்றுபோலவே தோன்றுமாதலால், திசுப் பரிசோதனையும் வேண்டியிருக்கும்.

ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் நாற்பது கிலோமீட்டர்; தகயாசு நோயாளிகளுக்கு நெடுங்காலமாகச் சிகிச்சையளித்துவரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கும் வேலூரும் கிருஷ்ணகிரியிலிருந்து நெடுஞ்சாலை வழியே எட்டும் தூரந்தான். ஆனால் நோயைச் சந்தேகித்தால்தானே அங்கே போக முடியும்? ஆகவே, தொழிற்சாலை மருத்துவ அறைகளில் ரத்த அழுத்தத்தை இரு கைகளிலும் அளந்து, 10 மில்லிமீட்டருக்கு மேல் அடிக்கடி வேறுபடுகிறவர்களை வைத்தியரிடம் அனுப்பும் வழக்கத்தை நிர்வாகிகள் இன்றே தொடங்க வேண்டும்.