குளிக்காத ஆல்ட்டோ

கொஞ்சம் குனிந்து வாருங்கள். தகரத் தடுப்பில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, துப்பட்டாவைப் பிடித்து இழுக்கும். என்னுடையதை ஏற்கெனவே இழுத்துவிட்டது.

கோவையில் பழைய கார் விற்கும் யார்டு ஒன்றின் பின்கட்டு இது. முன்கட்டு நீங்கள் பார்த்ததுதான்: வண்ணத் தோரணம், கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் 'சிங்கிள் ஓனர்', வெயிலில் மினுங்கும் முப்பது பானெட்டுகள். மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்து நடந்து எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். வீட்டில் இருக்கிற ஒரே காரை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நானோ சுந்தராபுரத்திலிருந்து சரவணம்பட்டிக்கு ஊரையே குறுக்கே கடந்து வேலைக்குப் போகவேண்டும். இரண்டு லட்சத்துக்குள் ஒரு சின்ன வண்டி, மழைக்கு ஒழுகாமல் இருந்தால் போதும், ஏ.சி. கொஞ்சம் முனகினாலும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அங்கே நிற்பது எல்லாமே புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறதே, எதை நம்புவது?

எங்கள் தெருவில் குடியிருக்கும் பாலிஷ்கார அண்ணன்தான் வழி காட்டினார். "முன்னாடி நின்னு பாத்தா என்னங்க தெரியும்? காலையில ஏழு மணிக்குப் பின்னாடி வாங்க."

வந்துவிட்டேன். அடடா, என்ன ஒரு களேபரம்! கழற்றிப் போட்ட சீட்டுகள் கல்யாண மண்டப நாற்காலிகள் மாதிரி அடுக்கிக் கிடக்கின்றன. ஒரு பம்பர் சுவரில் சாய்ந்து தூங்குகிறது. நடுவில் சாணை போடும் சத்தம், அதற்கு மேல் செல்போனில் பழைய பாட்டு, அதற்கும் மேல் "டேய், டீசல் டப்பாவ எங்கடா வெச்ச?" என்று ஒரு கூவல்.

டீசல் எதற்கு? இங்கே இருப்பவை எல்லாம் பெட்ரோல் வண்டிகள் ஆயிற்றே! பையன் சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் பீய்ச்சினான். கரி படிந்த ரப்பர் குழாயெல்லாம் எண்ணெய் வைத்துக் குளித்த பிள்ளை மாதிரி பளபளத்தது. "இதப் பாத்துட்டு, எஞ்சின் புத்தம் புதுசா இருக்குதுன்னு போன வாரம் ஒருத்தர் போட்டோ புடிச்சுட்டுப் போனாருங்க!" அந்த ஒருத்தர் நானாகவும் இருந்திருக்கலாம் என்பதை நான் சொல்லவில்லை.

அடுத்து டயருக்குக் கறுப்புப் பாலிஷ். டேஷ்போர்டுக்கு இன்னொரு பாலிஷ், அது தேங்காய் எண்ணெய் மாதிரி வழுக்குகிறது. கடைசியாக மல்லிகை வாசத்தில் ஒரு ஸ்ப்ரே. "இந்த வாசம் ஜாஸ்தியா அடிச்சா ஜாக்கிரதைங்க" என்று பாலிஷ் அண்ணனே காதருகில் சொல்கிறார். எதையோ மறைக்கத்தான் அவ்வளவு அடிப்பார்களாம். தன் தொழில் ரகசியத்தைத் தானே போட்டு உடைப்பதில் அவருக்கு ஒரு தனி ஆனந்தம்.

அவருடைய பொக்கிஷம் ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும். பழைய பிஸ்கட் டின் அது. சீட்டைக் கழற்றும்போது அடியில் கிடைப்பதையெல்லாம் அதில் போட்டு வைக்கிறார். ஒற்றைத் தோடு, பழநி விபூதிப் பொட்டலம், வால் போன டைனோசர் பொம்மை, காய்ந்து சருகான மல்லிகைச் சரம், ஏழெட்டு ஒரு ரூபாய்க் காசு, யாருடைய பல்செட்டோ ஒன்று! பல்செட்டுக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார். 'அது இல்லாமயே பழகிடுச்சு தம்பி' என்றாராம் பெரியவர். தங்கம் கிடைத்தால் மட்டும் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாராம். "அத வெச்சா கை நடுங்குமுங்க. அப்புறம் பாலிஷ் எப்படி போடறது?"

சரி, ஓரமாக ஒரு மாருதி 800 நிற்கிறது பாருங்கள், அதன் பின்சீட்டில்தான் டிங்கர் மாமாவின் மதியத் தூக்கம். 1983இல் சாலைக்கு வந்து, 2014இல் தயாரிப்பு நின்றுபோன ரகம். இது விற்பனைக்கு இல்லை. விற்றால் தான் எங்கே படுப்பது என்று மாமா சண்டைக்கு வருவார். அவர்தான் இந்தக் கட்டின் வைத்தியர்.

"வா அம்மிணி, கையக் கொடு" என்று என்னை ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் நிறுத்தினார். விரல் முட்டியால் கதவைத் தட்டச் சொன்னார். டங். இன்னும் ஒரு சாண் தள்ளித் தட்டச் சொன்னார். டொக். "அந்த டொக்கு இருக்குது பாரு, அதுல தகரம் பேசல, பட்டி பேசுது." அடிபட்ட பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பார்வைக்குத் துளியும் தெரியவில்லை. அடித்தவரே அவர்தானாம், அதைச் சொல்லும்போது மீசைக்குள் ஒரு பெருமை. பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து ஒட்டினார். நல்ல தகரத்தில் 'சப்'பென்று பிடித்தது, பட்டி மேல் வழுக்கி விழுந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி அதை வாங்கி முற்றத்தில் இருந்த எல்லா வண்டியிலும் ஒட்டிப் பார்த்தேன். ஒன்றிரண்டு இடத்தில் மாமா பெருமூச்சு விட்டார்.

கதவில் பட்டி இருந்தால் பெரிய பாவமில்லையாம், ஊரில் பாதி வண்டி கேட்டில் உரசினதுதான். பில்லரிலோ பானெட்டுக்கு அடியிலோ இருந்தால் வணக்கம் போட்டுவிட்டு நடையைக் கட்டவேண்டும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுக்கச் சொன்னதும் அவர்தான். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடுகிறது. சீட்டையும் மேட்டையும் மாற்றிவிடலாம், சுருண்டு உள்ளே கிடக்கும் பெல்ட்டின் அடி நுனியை யாரும் கழுவ மாட்டார்களாம். அங்கே சேற்றுக் கோடு ஒன்று அப்படியே தங்கியிருக்கும்.

டீ வந்துவிட்டது. தரகர் அண்ணனும் வந்துவிட்டார். இவர் அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசியவர். மகன் கால்குலேட்டரில் தட்டி, திரையைக் கையால் மறைத்து, எதிராளிக்கு மட்டும் காட்டுகிறார். துண்டு போய்விட்டது, மறைப்பு போகவில்லை! மாட்டுக்குப் பல் பார்க்கிற வித்தையையும் இவர் விட்டுவிடவில்லை. டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைத் தடவிப் படித்தார். 2419 என்றால் 2019ஆம் வருடத்தின் இருபத்து நான்காவது வாரம் பிறந்த டயர். "பல்லு பொய் சொல்லாதுங்க. ஓனர்தான் சொல்லுவாரு."

மீட்டரைப் பற்றிக் கேட்டேன். மொத்தக் கட்டும் சிரித்தது. "எங்க யார்டுல தொடமாட்டோமுங்க" என்றார்கள் கோரஸாக, பிறகு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். எண்ணைப் பார்க்காதீர்கள், பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள் என்றார் தரகர். நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. பழைய வண்டியில் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதைவிட அதிகமாக உதைக்கிறது.

"அப்புறம் இந்த டாக்டர் வண்டி?" என்றேன். முன்கட்டில் நான் பார்த்ததில் பாதி வண்டி டாக்டர் வைத்திருந்ததாம். மீதிப் பாதி 'லேடீஸ் ஓட்டுன வண்டி'. தரகர் சற்றும் அசராமல், "கோயமுத்தூருல டாக்டருங்க ஜாஸ்திங்க" என்றார்.

நான் கேட்கவேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். இங்கே வேலை செய்கிறவர்கள் தங்களுக்கு வண்டி வாங்கினால் எதை வாங்குவார்கள்? மூன்று பேரும் ஒரே பக்கம் கை காட்டினார்கள். கழுவும் மேடைக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில், நேற்று ராத்திரி வந்து இறங்கிய வண்டிகள். அவற்றுக்கு இன்னும் தண்ணீர்கூடக் காட்டவில்லை. அழுக்கு இருக்கிற வரைக்கும்தான் எல்லாம் தெரியுமாம், எண்ணெய் எங்கே கசிகிறது, எந்த மூலையில் துரு பிடித்திருக்கிறது என்று.

அங்கே நின்றது ஒரு 2012 ஆல்ட்டோ. கூரையில் காக்காய் எச்சம், இடது கதவில் கேட் உரசிய கோடு, உள்ளே முறுக்குத் தூள். ஸ்டெப்னியின் பல்லும் 2012தான், தரையே தொட்டதில்லை. காந்தம் பிடித்தது. பெல்ட் சுத்தம். எஞ்சின் ராத்திரிக் குளிரோடு இருந்ததால் சாவியைத் திருப்பியதும் அதன் உண்மைக் குரல் கேட்டது. ஒரு இருமல், அப்புறம் சீரான ஓட்டம், பின்னால் புகை இல்லை. சூடேற்றி வைத்த வண்டியில் இந்த இருமலைக் கேட்கவே முடியாதாம். மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் முனகியது ஏ.சி. மட்டும்தான்.

விலை ஒன்று எண்பத்தைந்தில் தொடங்கி, கால்குலேட்டர் ஆறு முறை கை மாறி, ஒன்று அறுபத்திரண்டில் நின்றது. பாலிஷ் செலவு மிச்சம் என்று நான் வாதாடியதை முதலாளி ரசித்தார் என்றே நினைக்கிறேன்.

காகித வேலை நடக்கும் அறை ஒரு சாவிக் காடு. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. ஃபார்ம் 29, ஃபார்ம் 30, இன்சூரன்ஸ், ஆர்.சி. புத்தகம். கடனில் வாங்கிய வண்டியென்றால் வங்கியின் கடிதமும் ஃபார்ம் 35உம் கட்டாயம். பெயர் மாற்றம் ஆகாமல் வண்டியை ஓட்டவிட்டு, யாரோ சிக்னலைத் தாண்டியதற்கெல்லாம் தனக்கு அபராதச் செய்தி வருகிறது என்று புலம்பும் பழைய உரிமையாளர் ஒருவர் போனில் இருந்தார். விற்றவர் 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். 2012 வண்டிக்கு 15 வருடக் கணக்கு 2027இல் முடியும், அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கவேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் நான் பேரம் பேசியிருந்தேன். (மாமா சொல்லிக் கொடுத்தது.)

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அமெரிக்காவில் ஏமாற்றும் பழைய காருக்கு 'லெமன்' என்றே பெயர். ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் அதை வைத்து எழுதிய கட்டுரை, பின்னால் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமானது. நாம் எலுமிச்சையை நசுக்கிவிட்டுத்தான் வண்டியையே எடுக்கிறோம்.

பாலிஷ் அண்ணனுக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. "ஒரு வாட்டர் வாஷாவது போட்டுத் தர்றேனுங்க. நம்ம யார்டுல இருந்து இப்படியா வெளிய போறது?" வேண்டவே வேண்டாம் என்றேன். எனக்கு இந்த அழுக்கின் மேல் ஒரு மரியாதையே வந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கையெழுத்துப் போட மறுபடி சாவிக் காட்டுக்குள் போனேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். காக்காய் எச்சம் அப்படியே இருந்தது. கேட் கோடு இருந்தது. முறுக்குத் தூளும் இருந்தது. பின்பக்கம் இடது டயர் மட்டும் கன்னங்கரேலென்று மின்னிக்கொண்டிருந்தது.