மோட்டாரில் எண்ணெய் ஒழுகுகிறதா?

கேரளக் கடற்கரையில் மீனவர்கள் பலர் வள்ளத்தின் பின்புறம் மோட்டார் மாட்டி ஓட்டுகிறார்கள். பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அங்கே நெடுங்காலப் பழக்கம். மோட்டார் பழசானால் எண்ணெய் ஒழுகும். காசு வீண். தீப்பிடிக்கவும் கூடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது வள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும். சோதிக்கும்போது பீடி வேண்டவே வேண்டாம்.

ஒழுகும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மோட்டார் ஓடும்போது பார்த்தால் பல சமயம் தெரியாது. அப்போது பம்ப் எண்ணெயை உறிஞ்சுகிறது. அதுவரையுள்ள குழாயில் வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். மோட்டார் திக்கித் திக்கி நடுக்கடலில் நின்றுவிடும்.

எனவே மோட்டாரை நிறுத்தி ஆறவிட வேண்டும். மூடியைக் கழற்றி, குழாய்களைத் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். பிறகு குழாயின் இடையில் உள்ள ரப்பர் குமிழைக் கையால் அழுத்த வேண்டும். குமிழ் கெட்டியானதும் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். எந்த இடம் முதலில் நனைகிறதோ, அங்கேதான் கோளாறு. குழாய் மாட்டும் முனையில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். சின்னப் பொருள்தான். கார்புரேட்டர் வழிந்தால், மிதவையின் ஊசியில் தூசி சிக்கியிருக்கலாம்.

டாங்கியில் எண்ணெய் இருந்தும் குமிழ் கெட்டியாகவில்லையா? எங்கும் ஈரமும் இல்லையா? டாங்கிக்கும் குமிழுக்கும் நடுவே உள்ள குழாயைப் பாருங்கள். வெடித்த குழாயில் துணி சுற்றிக் கட்டினால் போதாது. மாற்றத்தான் வேண்டும்.