புற்றுநோய்ச் செவிலியத்தில் நோயாளியின் சொல்

முன்னுரை

புற்றுநோய்க்கு உரிய மருந்தைத் தேர்பவர் மருத்துவர்; அம்மருந்தால் விளையும் தொல்லைகளை முதலில் கேட்பவர் பெரும்பாலும் செவிலியர். வலி, குமட்டல், அசதி ஆகியவற்றை எக்கருவியும் நேரடியாக அளப்பதில்லை. நோயாளியின் கூற்றே முதன்மைச் சான்று. செவிலியராகப் பயின்று பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கையும் தழுவிய ‘முழுமை வலி’ என்னும் கருத்தை 1960களில் முன்வைத்தார். நோயாளிகள் கூறியவற்றைக் கேட்டறிந்ததே அக்கருத்திற்கு அடிப்படை. தமிழ் நோயாளியின் அன்றாடச் சொற்கள் தொல்லையை இனங்காண்பதில் எங்கு உதவுகின்றன, எங்கு மயங்க வைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வலிச் சொற்கள்

0 முதல் 10 வரையிலான அளவுகோல் வலியின் கடுமையைக் காட்டும், தன்மையைக் காட்டாது. எரிச்சல், ‘சுருக்’கெனக் குத்தல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியன நரம்பு வலியைச் சுட்டக்கூடும். அதற்கு மார்பின் மட்டும் போதாமல் வேறு மருந்தும் சேர்க்க நேரலாம். ஆகவே ‘வலி உள்ளது’ எனச் சுருக்காமல், நோயாளி கூறிய சொல்லையே செவிலியர் பதிவேட்டில் எழுதுவது சிகிச்சையின் போக்கையே மாற்றவல்லது.

‘மதமதப்பு’ என்பதை நோயாளிகள் வலியாகக் கருதாமல் கூறாது விடுவதுண்டு. வின்கிறிஸ்டின், பாக்ளிடாக்செல் போன்ற மருந்துகள் நரம்புகளைத் தாக்குவதன் அறிகுறி அது. சட்டைப் பொத்தானைப் போட இயல்கிறதா, செருப்புக் கழன்றால் தெரிகிறதா என்னும் வினாக்கள் அதனை வெளிக்கொணரும்.

பொருள் மயங்கும் சொற்கள்

‘மயக்கம்’ என்பது தலைசுற்றல், உணர்விழப்பு, தூக்கக் கலக்கம் ஆகிய மூன்றையும் குறிக்கும். நீரிழப்பு, இரத்தசோகை, வலிமருந்தின் விளைவு எனக் காரணங்கள் வேறுபடும். எழுந்து நிற்கும்போது வருகிறதா, மருந்து உட்கொண்டபின் வருகிறதா எனக் கேட்டே செவிலியர் பிரித்தறிகிறார்.

‘சூடு’ இன்னும் கவனத்திற்குரியது. ‘உடம்புச் சூடு’ என்று கருதினால் இளநீரையும் எண்ணெய்க் குளியலையும் நாடுவது வழக்கம். கீமோதெரபிக்குப்பின் பெரும்பாலும் 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகக் குறைகின்றன. அப்போது 38 டிகிரி செல்சியஸ் அளவிலான காய்ச்சலும் உயிருக்கு ஆபத்தான தொற்றின் அறிகுறியாகலாம். எனவே வெப்பமானியால் அளக்கவும், காய்ச்சல் மாத்திரையை விழுங்கிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வரவும் செவிலியர் முன்கூட்டியே கற்பிக்க வேண்டும்.

முடிவுரை

நோயாளியின் சொல்லைக் கேட்பதும், அதன் பொருளை வினவித் தெளிவதும், மாற்றாமல் பதிவதும் செவிலியப் பணியின் இன்றியமையாத கூறுகள். வட்டாரந்தோறும் வழங்கும் நோய்ச்சொற்களைத் தொகுத்துச் செவிலியர் கல்வியில் சேர்ப்பது, தமிழாய்வாளரும் செவிலியரும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.