இணைய உரையாடல் குழுக்களின் வளர்ச்சியும் தேய்வும்: எண்ணி அறியும் முறை

தமிழில் எழுதிப் பழகும் இளையோருக்கு இன்று கிடைத்துள்ள களங்களுள் இணைய உரையாடல் குழுவும் ஒன்று. அத்தகைய குழுவொன்று தழைக்கின்றதா, தேய்கின்றதா என்று வினவினால், ‘முன்போல் இல்லை’ என்பார் ஒருவர். ‘நாள்தோறும் நூறு செய்திகள் வருகின்றனவே’ என்பார் மற்றொருவர். இவ்விரு கூற்றுகளுள் எது பொருந்தும் என்பதை எண்ணித்தான் அறிதல் வேண்டும். ஆயினும், எதை எண்ணுவது என்பதே முதல் வினா.

இவ்வினாவிற்கு விடை காண யூஸ்நெட்டின் வரலாறு துணைபுரியும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர் 1979ஆம் ஆண்டில் இவ்வலையமைப்பிற்கு வித்திட்டனர். பின்னர் ஆயிரக்கணக்கான உரையாடல் குழுக்கள் அதில் கிளைத்தன; தமிழர் பண்பாட்டிற்கென ஒரு குழுவும் இருந்தது. ஒவ்வொரு மடலிலும் எழுதியவர், எழுதிய நாள், எம்மடலுக்கு மறுமொழி என்னும் குறிப்புகள் இடம்பெற்றமையால், குழுக்களின் போக்கைக் காலவரிசையில் ஆராய முடிந்தது.

அவ்வரலாறு தரும் முதற்பாடம், மொத்த அளவை நம்பலாகாது என்பதாகும். யூஸ்நெட் வழியே சென்ற தரவின் அளவு பெருகிக்கொண்டே இருந்தது. அதன் பெரும்பகுதியோ படங்களும் இசையும் திரைப்படங்களும் அடங்கிய கோப்புகள். எழுத்துவழி உரையாடல் சுருங்கிவிட்டது. பழைய மடல்களின் காப்பகத்தை 2001ஆம் ஆண்டில் வாங்கிய கூகுள் நிறுவனம், 2024 பிப்ரவரியில் தன் வழியே புதிய மடல்கள் இடப்படுவதை நிறுத்தியது. உரையாடல் குறைந்ததையும் வேண்டாத மடல்கள் மலிந்ததையும் அது காரணமாகக் காட்டியது.

இரண்டாம் பாடம், பருவத்தை மறத்தலாகாது என்பது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர் சேரும் செப்டம்பர் தோறும் யூஸ்நெட்டில் மடல்கள் பெருகும். சில வாரங்களில் நிலைமை சீராகும். வணிக இணையச் சேவைகளின் வழியே புதியவர் ஓயாது வரத் தொடங்கியபின், 1993ஆம் ஆண்டுச் செப்டம்பர் முடியவே இல்லை எனப் பழைய உறுப்பினர் கூறலாயினர். நம் பள்ளிக் குழுக்களிலும் விடுமுறைக் காலத்தில் எழுத்துக் குறைவது இயல்பு. ஆதலின், ஜூன் மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் ஜூன் மாதத்தோடு ஒப்பிடுதல் வேண்டும்.

மூன்றாம் பாடமே தலையாயது: செய்திகளை மட்டுமன்றி, எழுதும் மனிதரையும் எண்ணுதல் வேண்டும். ஒரு குழுவில் சென்ற ஆண்டு ஜனவரியில் நாற்பது பேர் 300 செய்திகள் எழுதினர் எனக் கொள்வோம். இவ்வாண்டு ஜனவரியிலும் 300 செய்திகளே. ஆனால் எழுதியவர் அறுவர். செய்திக் கணக்கில் மாற்றமில்லை. குழுவோ ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இது கருதியே, 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட விக்கிமீடியா திட்டங்களில், கட்டுரைகளின் எண்ணிக்கையோடு, திங்களுக்கு ஐந்து முறையேனும் தொகுத்தவர் எத்தனை பேர் என்பதும் கணக்கிடப்படுகிறது.

இதனோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். முதன்முறை எழுதிய புதியவருக்கு மறுமொழி கிடைத்ததா? அவர் அடுத்த திங்களிலும் எழுதினாரா? பிழையோடு எழுதிய ஒரு மாணவருக்கு மௌனமே விடையாகக் கிடைத்தால், அவர் மீண்டும் தமிழில் எழுதத் தயங்குவார். அந்த இழப்பை மொத்த எண்ணிக்கை காட்டாது.

ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்பறைச் செயற்பாடாக மேற்கொள்ளலாம். ஒரு தாளில் மாதம், செய்திகள், எழுதியோர், புதியோர், மறுமொழி பெற்ற புதியோர் என ஐந்து பத்திகள் போதும். பெயர்களைக் குறிக்க வேண்டியதில்லை. எழுதாமல் படிப்போரை இக்கணக்கு காட்டாது என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் நன்று. ஈராண்டுக் கணக்கை அருகருகே வைத்து நோக்கினால், குழுவின் போக்குப் புலனாகும். தேய்வு தெரிந்தால் உடனே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு: விடையின்றிக் கிடக்கும் புதியவரின் செய்தியைத் தேடிச்சென்று, அதற்கு மறுமொழி எழுதுக.