டயருக்கும் வயது உண்டு

அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்ற பலர் ‘மோட்டார்ஹோம்’ எனப்படும் சக்கர வீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். படுக்கை, சமையல் மேடை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி என ஒரு சிறு குடும்பத்துக்குத் தேவையானவை அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும். பெரிய வகை மோட்டார்ஹோம்கள் ஏறத்தாழ ஒரு பேருந்தின் எடை கொண்டவை. அவற்றில் பொருத்தப்படுபவையும் லாரி, பேருந்து டயர்களே. ஆனால், பேருந்தைப் போல அவை அன்றாடம் ஓடுவதில்லை. ஆண்டில் சில வாரங்கள் பயணம், எஞ்சிய மாதங்களில் வீட்டு வாசலில் ஓய்வு. எட்டு ஆண்டுகள் கழித்துக் குனிந்து பார்த்தாலும் டயரின் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். இவ்வளவு நல்ல டயர்களை, அதுவும் ஆறையும் ஒருசேரக் கழற்றி மாற்ற வேண்டுமா என்ற கேள்வி அப்போது எழுகிறது.

இது அந்தச் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. குறைவாக ஓடி, அதிகமாக நிற்கும் வாகனம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் எழ வேண்டிய கேள்வி. “பட்டன் நல்லா இருக்கு சார், இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்” என்று நம் ஊர் டயர் கடைகளில் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். டயரின் தரையைத் தொடும் பகுதியில் உள்ள வரிப்பள்ளங்களையே ‘பட்டன்’ என்கிறோம். அன்றாடம் ஓடும் லாரிக்கு அந்தக் கணிப்பு பெரும்பாலும் பொருந்தும். நிற்கும் வாகனத்துக்கு அது போதாது.

இரண்டு கணக்குகள்: ஒரு டயரின் ஆயுளை இரண்டு கணக்குகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, அது ஓடிய தூரம். தூரம் கூடக் கூடப் பட்டன் தேயும், கண்ணுக்கும் தெரியும். மற்றொன்று, அது தயாரான நாளிலிருந்து கடந்த காலம். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் ரப்பருக்குள் மெல்ல ஊடுருவி, அதன் நெகிழ்வைக் குறைத்து, இறுகச் செய்கிறது. டயருக்குள் எஃகுக் கம்பிகளாலான பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ரப்பரால் பிணைக்கப்பட்டுள்ளன. அந்தப் பிணைப்பு தளர்ந்தால், ஓடும்போதே மேற்பட்டை உரிந்து பிரிந்துவிடக்கூடும். இது நிகழ்வது டயரின் உள்ளே. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது.

வண்டியை நிறுத்தியே வைத்தால் டயர் மிச்சமாகும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை ஏறக்குறைய நேர்மாறானது. ஓசோன் வாயுவால் வெடிப்பு ஏற்படாமலிருக்க ரப்பரில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலக்கப்படுகின்றன. டயர் உருண்டு வளைந்து நிமிரும்போதுதான் அவை மேற்பரப்புக்கு நன்கு கசிந்து வந்து காப்புப் படலமாக அமைகின்றன. மாதக்கணக்கில் அசையாமல், வெயிலில், ஒரே இடத்தில் எடையைத் தாங்கி நிற்கும் டயருக்கு இந்தப் பாதுகாப்பு குறைந்துபோகிறது. பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுவது இதனால்தான்.

வெப்பத்தின் பங்கு: முதுமையை விரைவுபடுத்துவது வெப்பம். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் தரவு இடம்பெற்றது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் 27% பேரே டெக்சஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய வெப்பம் மிகுந்த மாநிலங்களில் வசித்தனர். ஆனால், டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77% அந்த 5 மாநிலங்களிலிருந்து வந்தன. அவற்றில் 84% கோரிக்கைகள் 6 ஆண்டுகளைக் கடந்த டயர்கள் தொடர்பானவை. ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் நம் மாநிலத்துக்கு இந்த எண்கள் அந்நியமானவை அல்ல.

எப்போது மாற்றுவது? டயரின் வயதை அறிவது எளிது. பக்கச்சுவரில் ‘டி.ஓ.டி.’ என்று தொடங்கும் குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3219 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உட்புறமாகப் பொருத்தப்பட்டிருந்தால், வண்டிக்கு அடியில் விளக்கடித்துத் தேட வேண்டும். வாங்கிய தேதியை வைத்து வயதைக் கணக்கிடக் கூடாது. கடையில் கிடந்த காலமும் அதன் வயதில் சேரும். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

பயன்பாட்டுக்கு வந்து 5 ஆண்டுகள் ஆன டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும், தயாரிக்கப்பட்டு 10 ஆண்டுகள் ஆனதை எந்த நிலையிலும் மாற்றிவிட வேண்டும் என்று மிஷெலின் நிறுவனம் அறிவுறுத்துகிறது. வாகன உற்பத்தியாளர்கள் சிலர் 6 ஆண்டுகளையே எல்லையாகக் கூறுகின்றனர்.

டயர் விற்பவர்கள் வகுத்த எல்லையை அப்படியே நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான ஐயம்தான். ஆறு ஆண்டு முடிந்த மறுநாளே எந்த டயரும் வெடித்துவிடுவதில்லை. நிழலில், சரியான காற்றழுத்தத்தில் பேணப்பட்டது நீண்ட காலம் உழைக்கும். ஆனால், உட்பிணைப்பின் வலிமையைச் சாதாரணக் கடையில் சோதித்துச் சொல்ல வழியில்லை. ஆகவே, டயர் பழுதானால் என்ன நேரும் என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்று கருதுகிறேன். முன்சக்கர டயர் வெடித்தால் வண்டியைத் திருப்பும் கட்டுப்பாடே கைநழுவக்கூடும். அதிக எடை, நெடுஞ்சாலை வேகம், கோடை வெப்பம், உள்ளே பயணிகள் ஆகியவை சேருமிடத்தில் முன்சக்கர டயர்களை 6 அல்லது 7 ஆண்டுகளில் மாற்றுவதே விவேகம். மற்றவற்றை ஆண்டுச் சோதனையுடன் மேலும் சில ஆண்டுகள் ஓட்டலாம். வெடிப்பு ஆழமாகத் தெரிந்தாலோ பக்கச்சுவர் புடைத்திருந்தாலோ வயதைப் பார்க்கவே தேவையில்லை. உடனே கழற்றிவிட வேண்டும்.

முதுமையுடன் கைகோக்கும் இன்னொரு பகை, காற்றுக் குறைவு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக வளைந்து சூடேறும். சும்மா நிற்கும் வண்டியிலும் காற்று மெல்லக் குறைந்துகொண்டே இருக்கும். நெடுநாள் நின்ற வண்டியை எடுக்கும்போது, டயர் குளிர்ந்திருக்கையிலேயே அழுத்தத்தை அளந்து நிரப்ப வேண்டும். பின்னால் இரட்டையாக உள்ள சக்கரங்களில் உட்புற டயரையே பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டன் கற்ற பாடம்: 2012 செப்டம்பரில், இசை விழா ஒன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய பேருந்து, இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் முன்பக்க டயர் பழுதாகி விபத்துக்குள்ளானது. ஓட்டுநர் உள்பட மூவர் இறந்தனர். அந்த டயரின் வயது 19 ஆண்டுகள். மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் பல ஆண்டுகள் நடத்திய இயக்கத்துக்குப் பிறகு, 2021 பிப்ரவரி 1 முதல் அங்கு புதிய சட்டம் அமலுக்கு வந்தது. லாரி, பேருந்துகளின் முன்சக்கரங்களிலும், சிற்றுந்துகளில் ஒற்றையாகப் பொருத்தப்படும் சக்கரங்களிலும் 10 ஆண்டுகளைக் கடந்த டயர்களைப் பயன்படுத்துவது அங்கு குற்றம்.

நாம் செய்ய வேண்டியது: நம் மோட்டார் வாகன விதிகள் கார், பேருந்து போன்றவற்றின் டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. இது தூரத்தின் கணக்கு. வயதின் கணக்கு அதில் இல்லை. திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் நாள் முழுவதும் நிற்கும் கேரவன்கள் நமக்குப் பழகியவை. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தையே தொடங்கியது. இவற்றைவிட என்னை அதிகம் உறுத்துவது பள்ளி வாகனங்கள். காலையில் சிறிது தூரம், மாலையில் சிறிது தூரம், கோடை விடுமுறையில் முழு ஓய்வு. பட்டன் தேயாமலேயே அவற்றின் டயர்கள் முதுமை அடைகின்றன. தேய்ந்த டயருக்குப் புதிய மேற்பட்டை ஒட்டும் ரீட்ரேடிங் முறையில், பட்டன் புதிதாகிறது. அடியிலுள்ள உடலின் வயது குறைவதில்லை.

2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்த பிறகே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அந்த ஓட்டையாவது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக்கூடியது. ஆண்டுதோறும் பள்ளி திறப்பதற்கு முன்பு அதிகாரிகள் வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைப் படிவத்திலும் எஃப்.சி. சான்றிதழிலும் ஒவ்வொரு டயரின் நான்கு இலக்க எண்ணையும் எழுதுவதற்கு ஓர் இடம் ஒதுக்கினால் போதும். முதற்கட்டமாக, முன்சக்கரங்களுக்கு மட்டும் வயது வரம்பு வைக்கலாம். அரசு அதைச் செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பிள்ளையை ஏற்றிவிடும் பெற்றோர், வேன் நிற்கும் அரை நிமிடத்தில், முன்சக்கரத்தில் அந்த எண் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரியாவிட்டால், ஓட்டுநரிடம் கேட்கலாம்.