காலி என்று நம்பிய துப்பாக்கி

காஞ்சீபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். அவ்வூரில் என் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். ராணுவத்தில் பல வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். பயிர்க் காவலுக்காக லைசென்ஸ் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் உண்டு. ஒரு நாள் காலை அதைச் சுத்தம் செய்ய முற்றத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார். பேரக் குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எல்லோரும் என் முதுகுப் பக்கம் போங்கள்!" என்று அதட்டிவிட்டு, குழலின் வாயை மண் சுவரின் பக்கம் திருப்பினார்.

"காலியாகத்தானே இருக்கிறது, பெரியப்பா?" என்றேன்.

"அதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்லவேண்டும், அப்பா" என்று துப்பாக்கியை மடக்கித் திறந்தார். ஒரு குழலில் தோட்டா இருந்தது! முந்தின இரவு வயலுக்குப் போய் வந்தவர், எடுக்க மறந்திருக்கிறார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

தோட்டாவை வேறு அறையில் வைத்துப் பூட்டி வந்த பிறகே பேசினார். "பட்டாளத்தில் எங்களுக்கு எஸ்.எல்.ஆர். கொடுத்திருந்தார்கள். 1962 சீன யுத்தத்திற்குப் பிறகு .303 துப்பாக்கிக்குப் பதிலாக வந்தது. ஒரு குண்டு போனதும் அதன் வாயுவே அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். தோட்டாப் பெட்டியைக் கழற்றினாலும் குழலின் அடியில் ஒன்று தங்கியிருக்கும். ஆகையால் முதலில் பெட்டியைக் கழற்றவேண்டும். அப்புறம் பிடியை இழுத்து உள்ளே பார்க்கவேண்டும். முறை மாறி, பிடியை முதலில் இழுத்தால், ஒரு தோட்டா வெளியே விழும். இன்னொன்று உள்ளே ஏறிவிடும். காலி என்று நினைத்தவன் விசையைத் தொடுவான்!"

அத்தகைய துப்பாக்கியை இன்று குடும்பஸ்தர் எவரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. லிட்டன் பிரபு காலத்து 1878-ம் வருஷச் சட்டமோ வேறு விதம். இந்தியனுக்கு லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியனுக்கு விலக்கு அளித்தது. அந்த அவமானம் தீர்ந்தது. ஆனால் ஆயுதம் வைத்திருப்பவனின் பொறுப்பு தீரவில்லை.

சுத்தம் செய்யும் முறை எளிதுதான். தோட்டா ஏறும் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக உலர்ந்த துணியைக் குழலுக்குள் இழுக்கவேண்டும். துணி வெள்ளையாக வரும்வரை இழுக்கவேண்டும். மருந்துக் கரி தங்கினால் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கும். பிறகு எண்ணெய் தொட்ட துணியை ஒரு முறை இழுத்தால் போதும். எண்ணெய் மிகுந்தால் தூசி சேர்ந்து சேறாகும். எஸ்.எல்.ஆரில் வாயு பாயும் தண்டுக்கு எண்ணெயே ஆகாது, சூட்டில் கரியாகிவிடும். சமையலறை நல்லெண்ணெயும் உதவாது; நாளடைவில் பிசின்போல இறுகிவிடும். தையல் மெஷினுக்கு இடுவது போன்ற மெல்லிய கனிம எண்ணெயே தக்கது. தோலுறையில் போட்டு வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் கோக்கும்.

வேலை முடிந்தது. துப்பாக்கி பீரோவுக்குள் போயிற்று. சாவி பெரியப்பாவின் இடுப்பில் ஏறியது.

மாலையில் கோயிலுக்குப் போனோம். பொன்னிற உடும்பொன்று புற்றுக்குள் மறைய, அரசனுடைய ஆட்கள் ஆயுதத்தால் தோண்ட, இரத்தம் பீறிட்டதாம். உள்ளே இருந்தவர் ஈசன் என்பது தல வரலாறு. சந்நிதியில் பெரியப்பா வெகு நேரம் நின்றார்.

"அவர்களும் உள்ளே பார்க்கவில்லை" என்றார் மெதுவாக.